பன்யூல்ஸிலிருந்து போர்ட்போவுக்கு நடந்தே எல்லை தாண்டுவது: மலைவழியா, கடலோர வழியா?

பொற்றையடி வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் பிரான்சில் துலூஸ் நகரத்தில் படிக்கிறான். செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் அவனிடம் போகிறோம். பாரிஸ், ஈஃபில் கோபுரம் எல்லாம் அவர்கள் இருவர் பொறுப்பு. எனக்கு வேண்டியது ஒன்றுதான். பிரனீஸ் மலை மத்தியதரைக் கடலில் வந்து இறங்குகிற இடத்தில், பிரான்சிலிருந்து ஸ்பெயினுக்கு நடந்தே போக வேண்டும். மலை கடலில் போய் முடிகிற இடம் என்றால் நம் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு ஒரு இது, உங்களுக்கே தெரியும்.

வரைபடத்தில் பார்த்ததில் பிரான்ஸ் பக்கத்துக் கடைசி ஊர்கள் பன்யூல்ஸ், செர்பேர். அந்தப் பக்கம் முதல் ஊர் போர்ட்போ. கடலை ஒட்டி ஒரு பாதை, மலை மேலே ஒரு பாதை என்று இரண்டு காட்டுகிறது. எது நல்லது? எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒற்றை நுழைவு விசா. ஸ்பெயினுக்குள் போய்விட்டுப் பிரான்சுக்குத் திரும்பினால் சிக்கலா? வழியில் தண்ணீர் கிடைக்குமா?

ஞாயிற்றுக்கிழமை தோறும் மருந்துவாழ்மலை ஏறுகிறவன், ஏற்றத்தில் மூச்சு வாங்காது. இறக்கத்தில்தான் வலது முட்டி முணுமுணுக்கும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வடசேரி சந்தை

கொடுத்து வைத்தவர் சார் நீங்கள். நமக்குத் தெரிந்த பெரிய எல்லையே களியக்காவிளை செக்போஸ்ட்தான். விவரம் எனக்குத் தெரியாது, படிக்க உட்கார்ந்திருக்கிறேன். முட்டத்து அக்கா அந்தப் பக்கம்தான் இருக்கிறார், அவர் வரட்டும்.

முட்டத்துக்காரி

வந்துவிட்டேன். சார், நான் பெர்பிஞானில் நர்ஸ். லீவு கிடைத்தால் ரயிலேறி பன்யூல்ஸில் இறங்கிவிடுகிற ஆள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு நாடுமே ஷெங்கன் என்கிற பொது விசாப் பகுதிக்குள் வருகிறது. ஸ்பெயினில் கால் வைப்பதால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு இல்லை, ஒற்றை நுழைவு அப்படியே இருக்கும். ஆனால் பாஸ்போர்ட்டை மகன் வீட்டில் பத்திரமாகப் பூட்டிவிட்டு ஜெராக்ஸை மட்டும் எடுத்து வராதீர்கள். 2015 முதல் பிரான்ஸ் தன் எல்லையில் சோதனையைத் திரும்பக் கொண்டு வந்திருக்கிறது. மலை மேல் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ரயிலில் திரும்பி வரும்போது கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இனி வழி. எல்லை தாண்டுவதற்கு மலைவழிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடலோரப் பாதை அழகாக இருப்பது பன்யூல்ஸுக்கு வடக்கே. தெற்கே செர்பேர் வரைக்கும்கூடச் சரி, 1974இல் தொடங்கிய கடல் காப்பகம் அந்தக் கரையில்தான் இருக்கிறது. செர்பேர் தாண்டி எல்லைக்கு ஏறும்போது தார்ச்சாலையின் சகவாசத்தை விட முடியாது. அந்தச் சாலைக் கணவாய்க்கு பெலிட்ரஸ் என்று பெயர். 1939 பிப்ரவரியில், உள்நாட்டுப் போரில் தோற்ற ஸ்பெயின் மக்கள் அந்தக் குளிரில் மூட்டை முடிச்சோடு பிரான்சுக்குள் வந்த வழிகளில் அதுவும் ஒன்று. அந்தக் குளிர்காலத்தில் மொத்தம் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டினார்கள். அதற்காக ஒரு தடவை பார்க்கலாம். நடைக்கு என்றால் மேலே போங்கள்.

மேலே போகிற பாதைக்கு வால்டர் பெஞ்சமின் என்ற ஜெர்மன் எழுத்தாளர் பெயரையே வைத்திருக்கிறார்கள். யூதர். 1940 செப்டம்பர் கடைசியில், நாஜிகளிடமிருந்து தப்பி இந்த வழியாகத்தான் ஏறினார். வயது 48, இதய நோயாளி. கூட்டிப்போன லிசா ஃபிட்கோவுக்கும் அந்த வழி புதிது, பன்யூல்ஸ் மேயர் அசேமா விளக்கிச் சொன்னதை வைத்துக்கொண்டு நடந்தார். பெஞ்சமின் பத்து நிமிடம் நடப்பாராம், ஒரு நிமிடம் நிற்பாராம். களைத்த பிறகு நிற்பது இல்லை, களைப்பதற்கு முன்பே நிற்பது. நர்ஸாகச் சொல்கிறேன், அது சரியான முறை. ஞாயிறு வேகத்தை மருந்துவாழ்மலையிலேயே விட்டுவிட்டு அவர் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட்போவில் ஸ்பெயின் போலீஸ் திருப்பி அனுப்புவோம் என்று சொன்னதும், விடுதி அறையிலேயே செப்டம்பர் 26ஆம் தேதி உயிரை விட்டார். மலை முழுக்கத் தூக்கி வந்த கறுப்புப் பெட்டியில் ஏதோ கையெழுத்துப் பிரதி இருந்ததாம், இன்றுவரை கிடைக்கவில்லை. போர்ட்போ கல்லறைத் தோட்டத்துப் பக்கம் டானி கரவான் என்ற சிற்பி 1994இல் அமைத்த நினைவுச் சின்னம் இருக்கிறது. இரும்புச் சுவர்களுக்கு நடுவே படிக்கட்டு கடலைப் பார்த்து இறங்கும். முட்டி வலித்தாலும் அதைப் பார்க்காமல் ரயிலேறாதீர்கள்.

தூரம் கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து தொடங்கி உச்சக் கணவாய் 500 மீட்டருக்குச் சற்று மேலே. நம் மகேந்திரகிரி 1,654 மீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்குதான். உயரம் உங்களை ஒன்றும் செய்யாது. செய்யப்போவது மூன்று விஷயம்: கல், வெயில், காற்று.

கல் நம் ஊர்ப் பொற்றைப் பாறை மாதிரி உருண்டையும் உறுதியுமாக இருக்காது. தகடு தகடாகப் பிரியும் பழுப்புக் கல், அடுக்கிய அப்பளம் நொறுங்கின மாதிரி பாதை முழுக்கக் கிடக்கும். மிதித்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், சலசலவென்று சத்தம் வேறு. ஏறும்போது தெரியாது. ஸ்பெயின் பக்கத்து இறக்கத்தில் குதிகாலை அழுத்தி ஊன்றினால் அப்படியே உட்கார்த்தி வைத்துவிடும். முழுப் பாதத்தையும் வைத்து, சின்னச் சின்ன அடியாக வாருங்கள். கைத்தடி இரண்டு கட்டாயம். தேய்ந்துபோன வாக்கிங் ஷூ வேண்டாம்.

வெயில்: கீழ்ச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். இடுப்புயரக் கொடிதான், நிழல் என்று ஒன்று கிடையாது. மேலே குத்துச்செடியும் கார்க் மரமும் அங்கங்கே. தண்ணீர் பன்யூல்ஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், ஆளுக்கு மூன்று லிட்டர். வழியில் ஊற்று இருப்பதாக யாராவது சொன்னால் அதை நம்பி இறங்காதீர்கள், கோடை முடிகிற நேரத்தில் காய்ந்து கிடக்கும்.

இப்போது காற்று. இதைத்தான் சார் முக்கியமாகச் சொல்ல வந்தேன். த்ரமொந்தான் என்று வடமேற்கிலிருந்து ஒரு காற்று, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஆரல்வாய்மொழியில் ஆடி மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றிருப்பீர்கள் அல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் காற்று மேகத்தையும் சாரலையும் கூட்டிக்கொண்டு வந்து எச்சரிக்கும். இது காய்ந்த காற்று, வானம் துடைத்து வைத்த நீலமாக இருக்கும். 2,784 மீட்டர் கனிகூ மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதாகத் தோன்றும். ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர் ஆகா நல்ல நாள் என்று கிளம்பிவிடுவார், மேலே மலைமுதுகில் நிமிர்ந்து நிற்க முடியாது. நான் கடல்புறத்துப் பிள்ளை. அப்பா விடியும் முன்னே வெளியே நின்று கன்னத்தைக் காற்றுக்குக் காட்டிவிட்டுத்தான் வள்ளம் இறக்கலாமா வேண்டாமா என்பார். நீங்கள் முந்தின ராத்திரியே பிரான்சின் வானிலைத் துறை போடுகிற காற்று வேகத்தைப் பாருங்கள். மோசம் என்றால் அன்றைக்குக் கடலோரம் நடங்கள், மலையை மறுநாளுக்கு வையுங்கள். இதற்காகவே ஒருநாள் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் என்று மலைப்பாதைகளை மூடுவதும் இந்தக் காற்றால்தான். செப்டம்பர் கடைசியில் அது குறைந்திருக்கும், இருந்தாலும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பொற்றையடி வாத்தியார்

மக்களே, ரொம்ப நன்றி. ஒரு பாடமே நடத்திவிட்டாய். அப்பளம் உவமையைப் படித்து மனைவி சிரித்துக்கொண்டிருக்கிறாள், உளுந்து அப்பளமா அரிசி அப்பளமா என்று கேட்கச் சொல்கிறாள்.

இன்னும் சில சந்தேகம். நான் நான்கு மணிக்கு எழுகிறவன், ஐந்துக்கெல்லாம் நடக்கத் தொடங்கலாமா? கைத்தடியை விமானத்தில் கொண்டு வர விடுவார்களா? வழிகாட்டி யாரும் வேண்டுமா?

கீழ்குளம் ஜெரோம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எல்லை, மலை, கடல் மூன்றும் வேண்டுமென்றால் இத்தாலி எல்லையில் மோந்தோன் ஊரையும் யோசியுங்கள் சார். நீஸிலிருந்து மலை ரயிலில் ஸொஸ்பெல் போய், ஜி.ஆர்.52 என்ற நெடுந்தூர நடைபாதையில் நடந்தால் பெர்ஸோ கணவாய், சுமார் 1,090 மீட்டர். அங்கிருந்து நேராகக் கடலுக்கு இறங்கும். எலுமிச்சைத் தோட்டம், கீழே மோந்தோன், கடல், இடதுகைப் பக்கம் இத்தாலி. கப்பல் வேலையில் இருந்தபோது போனேன். அந்தக் காட்சிக்கு ஈடாக நான் இன்னொன்று பார்க்கவில்லை.

முட்டத்துக்காரி

ஜெரோம் அண்ணே, காட்சியில் நீங்கள் சொல்வது சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஒரே இறக்கம். முணுமுணுக்கிற முட்டி அங்கே சத்தமாகவே பேசும். அதோடு அந்தப் பாதை இத்தாலிக்குள் போகாது, எல்லைக்கு இந்தப் பக்கமே இறங்கிவிடும். சாருக்கு எல்லையை நடந்து தாண்ட வேண்டும். மோந்தோனுக்குப் போனால் மார்ட்டின் முனையைச் சுற்றுகிற கடலோரப் பாதை அவருக்குப் போதும், அலை அடிக்கிற நாளில் அதையும் மூடிவிடுவார்கள்.

சார், ஐந்து மணிக்கு எழுந்து என்ன செய்வீர்கள்? செப்டம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிக்கவே ஏழரை தாண்டும். அஸ்தமனமும் அதே மாதிரி மாலை ஏழரைக்கு மேல்தான், அதனால் அவசரம் இல்லை. எட்டு மணிக்குப் புறப்பட்டால் நின்று நின்று வந்தாலும் மூன்று நான்கு மணிக்குள் போர்ட்போ. முந்தின நாள் ராத்திரி பன்யூல்ஸில் தங்கிவிடுங்கள். துலூஸிலிருந்து அன்றைக்கே வந்து ஏறுவது நடக்காத காரியம்.

கைத்தடி கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டிக்குள் போட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் துலூஸில் டெகாத்லான் என்ற விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கலாம், விலை அதிகமில்லை.

வழிகாட்டி வேண்டாம். ஊருக்குப் பின்னால் புய் தெல் மாஸ் என்ற சின்னக் குடியிருப்பு வழியாகப் பாதை ஏறுகிறது, பலகையும் வண்ணக் குறியும் இருக்கும். இந்த நாட்டில் சிவப்பும் வெள்ளையும் பட்டையாக இருந்தால் நெடுந்தூரப் பாதை. அட்லாண்டிக் கரையிலிருந்து பிரனீஸ் முழுக்க வருகிற ஜி.ஆர்.10 பன்யூல்ஸில்தான் முடிகிறது, அந்தக் குறியும் அங்கே கண்ணில் படும். அதைப் பிடித்துக்கொண்டு போய்விடாதீர்கள், அது வேறு மலைக்கு ஏறிவிடும். உங்களுடையது மஞ்சள். பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று அர்த்தம். பிரான்சின் நில அளவை நிறுவனம் போடும் வரைபடத்தில் 2549 ஓ.டி. எண் தாள் இந்தப் பகுதிக்கானது, போனில் சார்ஜ் போனாலும் அது கையில் இருக்கும். ஏதாவது என்றால் இரண்டு நாட்டிலும் 112.

இலையுதிர் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டையும் நடக்கும். துப்பாக்கிப் படம் போட்ட பலகை வழியில் நின்றால் அந்தப் பக்கம் நுழையாதீர்கள். பச்சை, காக்கிச் சட்டை வேண்டாம், ஆரஞ்சோ மஞ்சளோ போடுங்கள். இன்னொன்று, அப்போது திராட்சை பறிக்கிற காலம். சரிவில் இயந்திரம் ஏறாது, கையால்தான் பறிப்பார்கள். கொத்து கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும், தொடக்கூடாது. அடுத்தவன் விளையில் வாழைத்தார் வெட்டுகிற மாதிரிதான் பார்ப்பார்கள்.

வடசேரி சந்தை

அக்கா, சாப்பாடு? சார் மதியம் என்ன தின்பார்?

முட்டத்துக்காரி

பன்யூல்ஸில் ரொட்டி, சீஸ், பழம் வாங்கிக்கொள்ளலாம். நம் ஊர் நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் கொண்டு வந்தால் மலைமேல் அதைப்போல ஒன்று இல்லை, வியர்வைக்கு உப்பும் ஆச்சு. மீன் தின்பவர் என்றால் பக்கத்து ஊர் கொலியூரில் நெத்திலியை உப்பில் பதப்படுத்தி விற்கிறார்கள், அந்த ஊர் பேர் வாங்கியதே அதனால்தான். நம் கருவாடு மாதிரி காய வைப்பது இல்லை, மெத்தென்று இருக்கும். முட்டத்துக்காரியின் நாக்குக்கே பிடித்தது என்றால் பாருங்கள்.

முதல் நாள் உடம்பைப் பழக்க வேண்டும் என்றால் போர்ட் வாந்த்ரிலிருந்து பன்யூல்ஸுக்குக் கடலோரமாக வாருங்கள். வழியில் போலீய் என்ற விரிகுடாவில் 1870இல் நோபல் நிறுவனம் தொடங்கிய டைனமைட் தொழிற்சாலை இருந்தது, 1984இல் மூடினார்கள். இப்போது நிழலும் தண்ணீரும் உள்ள பூங்காவாக வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு டீச்சரையும் கூட்டி வரலாம்.

பொற்றையடி வாத்தியார்

முடிவு பண்ணிவிட்டோம். கடலோரம் இரண்டு பேரும். மலைக்கு நானும் மகனும். அவள் பன்யூல்ஸிலிருந்து ரயிலில் போர்ட்போ வந்து காத்திருப்பாளாம். ரயில் அடிக்கடி உண்டா?

முட்டத்துக்காரி

அடிக்கடி இல்லை சார், அதுதான் ஒரே தொல்லை. சில ரயில் செர்பேரோடு நின்றுவிடும், போர்ட்போ வரை போவது எது என்று நேர அட்டவணையில் பார்த்து டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். பிரான்ஸ் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், ஸ்பெயினுடைய பழைய பாதை 1,668. ஒன்றின் ரயில் மற்றதில் ஓடாது, எல்லையில் மாற வேண்டும், அதனால் இந்த இரண்டு சின்ன ஊருக்கும் ஊரைவிடப் பெரிய ஸ்டேஷன். திரும்புவதற்கான கடைசி ரயிலையும் குறித்துக்கொள்ளுங்கள், தவறினால் அன்றைக்குப் போர்ட்போவில்தான் படுக்கை.

டீச்சரிடம் உங்கள் இரண்டு பேருடைய செருப்பையும் கொடுத்துவிடுங்கள். இறங்கி வந்ததும் ஷூவைக் கழற்றாமல் ஒரு எட்டு வைக்க மனசு வராது. அப்புறம், உளுந்து அப்பளம்தான்.