பெரிய தக்காளிக்கு அடி கறுக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டைமாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். 20 லிட்டர் பெயிண்ட் வாளிகளில் நான்கு பிராண்டிவைன் தக்காளிச் செடிகள். உருளைக்கிழங்குச் செடி போல இலை விடும் பழைய அமெரிக்க ரகம். மாசி பிறந்ததிலிருந்து பூக்கள் காம்போடு உதிர்கின்றன. தப்பிய மூன்று காய்களில் இரண்டுக்கு அடிப்பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்து அமுங்கிவிட்டது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முட்டை ஓட்டுத் தூள் போட்டேன். அது மக்குவதற்குள் கோடையே முடிந்துவிடும் போலிருக்கிறது! இடையில் இரண்டு நாள் தண்ணீர் விடாமல் ஊருக்குப் போனதும் என் தப்புதான்.

காட்பாடி, குடியாத்தம் பக்கம் பெரிய தக்காளி எடுத்தவர்கள் எந்த மாதம் நாற்று விட்டீர்கள்? 50 சதவீத நிழல்வலை போதுமா? வாளியை மாற்றவேண்டுமா? மூன்றாவது காய் இன்னும் பழுதில்லாமல் நிற்கிறது, அதையாவது காப்பாற்ற வேண்டும்.