ஒய்டிஎம்-4 என்ஜின்: அளவும் படமும் இருந்தால் கொடுத்து உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எந்த மாடல் கிட் (பாகங்களை ஒட்டிச் சேர்த்துச் சிறிய மாதிரி செய்யும் பெட்டி) வந்தால் உடனே வாங்குவாய் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாக மதுரையிலிருந்து போடிக்கு ஓடிய மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) டீசல் என்ஜின், ஒய்டிஎம்-4. அந்தப் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டு அகலப்பாதை ஆகிவிட்டது. ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு எத்தனையோ கம்பெனிகள் கிட் போட்டுவிட்டன. நம்ம ஊர் என்ஜினுக்கு ஒன்றையும் கடையில் காணோம்.

செய்யமுடியாத காரியமும் இல்லை. 1/87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்காக, மீட்டர் கேஜ் தண்டவாளம் 12 மி.மீ. அகலத்தில் ஏற்கெனவே விற்கிறது. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வேயும் மீட்டர் கேஜ்தான். அதற்கு பெமோ கம்பெனி அழகழகாக மாடல்கள் செய்கிறது. நமக்குத் தேவை மேல்கூடும் போகியும் (அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) மட்டுமே.

அதற்குச் சரியான அளவுகள் வேண்டும். மதுரை அரசரடி ரயில்வே காலனியிலோ திருச்சி பொன்மலை என்ஜின் ஷெட்டிலோ வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் நேராக எடுத்த படம், கூரை தெரிகிற படம், வரைபட நகல், எதுவானாலும் சரி. கூரைப் படம்தான் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. இப்போது எந்த ஊரிலாவது ஒரு ஒய்டிஎம்-4 காட்சிக்கு நிற்கிறதா? டேப்போடு போய் அளந்துகொள்கிறேன்.

மதுரையில் ரெசின் 3டி பிரிண்டிங் நுணுக்கமாகச் செய்பவர்களையும் சொல்லுங்கள். இந்த கிட் உங்களுக்கும் வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள் சார். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் தயாரிப்பாளர்களுக்கே எழுதிக் கேட்கலாம்.