உராய்வும் காற்றும் இல்லாத இயக்கம்: சொல் தேவை

நண்பர்களே,

மேல்நிலை வகுப்புக்கான இயக்கவியல் நூலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். உராய்வில்லாத தளம், எடையற்ற கயிறு, காற்றில்லா வெளி என்று வைத்துக்கொண்டு நாம் கணக்குப் போடும் இயக்கம் ஒன்று; கண்ணெதிரே நடப்பது இன்னொன்று. 'இலட்சிய இயக்கம்', 'மெய் இயக்கம்' என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. நூலில் உள்ள எடுத்துக்காட்டு இது: ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளி, காற்று இல்லையென்றால் நொடிக்கு ஏறத்தாழ 140 மீட்டர் வேகத்தில் தரையில் மோதும். உண்மையில் பெரிய துளிகூட 9 மீட்டர் அளவில்தான் விழுகிறது.

*

'மெய்' வேண்டவே வேண்டாம். நேற்று வகுப்பில் பந்தை உருட்டிவிட்டேன். நான்கு பெஞ்சு தாண்டி, சற்றுத் தயங்கி, நின்றது. "விசை இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும் என்றீர்களே?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஒன்றை மெய் என்றால் மற்றது பொய் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். 'இலட்சியம்' என்றாலோ வாழ்க்கைக் குறிக்கோள் நினைவுக்கு வருகிறது. முடிவிலி போல 'தடையிலி இயக்கம்' என்று சொல்லலாமே.

*

தமிழில் இந்த இணை என்றோ இருக்கிறது. புலவர் புனைந்து சொல்வது நாடக வழக்கு, உலகில் நடப்பதைச் சொல்வது உலகியல் வழக்கு என்று தொல்காப்பியம் பிரித்துவிட்டது. 'நாடக இயக்கம்', 'உலகியல் இயக்கம்' என்று கொள்ளுங்கள். இயக்கம் என்பதன் வேரையும் பாருங்கள்: இயவு என்றால் வழி, இயலுதல் என்றால் நடத்தல். இயல், இயல்பு, இயற்கை எல்லாம் இந்த ஒரே குடும்பம். இயற்கை என்பதே நடக்கும் முறைதான்!

*

ஐயா, உலகியலை ஏற்கிறேன், நாடகத்தை ஏற்க முடியவில்லை. சுவைபட வருவனவற்றையெல்லாம் ஓரிடத்தில் தொகுத்துக் கூறுவதே நாடக வழக்கு என்கிறார் தொல்காப்பிய உரையாசிரியர் இளம்பூரணர். அது சேர்ப்பது, இயற்பியல் செய்வதோ கழிப்பது. 1638இல் வெளியான நூலில் கலிலேயோ, காற்றின் இடையூறுகளை உறுதியான கணக்குக்குள் கொண்டுவர முடியாது, அவற்றை விலக்கிவிட்டே ஆராய வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். 'தடையிலி'யும் போதாது. எடையற்ற கயிற்றில் தடை எங்கே வந்தது? கணக்குக்காக எளிமையாக்கிக் கற்பனை செய்துகொள்ளும் வாயுவுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நல்லியல்பு வாயு' என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. 'நல்லியல்பு இயக்கம்' என்றால் மாணவர் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

*

எது இயல்பில் இல்லையோ அதற்கு நல்லியல்பு என்று பெயரா? இலங்கைப் பாடநூலில் அதையே 'இலட்சிய வாயு' என்று படித்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பழகிய சொல் என்பதற்காகப் பிழையை நிலைநாட்ட வேண்டாம். கழிப்பதுதான் செய்கை என்று தாங்களே சொன்னீர்கள். அப்படியானால் 'களைநிலை இயக்கம்' என்பதே நேர். எதைக் களைந்தோம் என்று கேட்கவும் அந்தச் சொல்லே தூண்டும்.

*

'களைநிலை' என்றால் வயலில் முளைக்கும் களை என்றுதான் முதலில் படிக்கிறேன். மன்னிக்கவும்.

*

அனைவருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்து எண்ணினால் ஐவர் 'நல்லியல்பு', இருவர் 'களைநிலை', ஒருவர் 'தடையிலி'. நூலில் 'நல்லியல்பு இயக்கம்', 'உலகியல் இயக்கம்' என்று போடுகிறேன். இனியும் தள்ளிப்போட முடியாது.

*

போடுங்கள். ஆனால் ஒன்றை விட்டுவிட்டோம். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். காற்றில்லாத நிலவில் இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. அது கணக்கில் மட்டும் நடந்ததல்ல, கண்ணெதிரே நடந்தது. அதை எந்தப் பெயரில் சேர்ப்பீர்கள்? நிலவில் நடந்தது உலகியலா?

*

அந்தக் காட்சியைத் திங்கட்கிழமை வகுப்பில் காட்டப்போகிறேன். நூலில் எது அச்சானாலும், பலகையில் நான் 'தடையிலி' என்றுதான் எழுதுவேன்.