ஆஷ்விட்ஸ் ஒருநாள் பயணம்: உப்புச் சுரங்கத்தையும் சேர்க்கலாமா?

காட்பாடி மகன்:
அக்டோபரில் அம்மாவோடு போலந்து போகிறேன். தங்கை கிராகோவில் படிக்கிறாள். இரண்டாம் உலகப்போர்க்கால நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸையும் வியலிச்கா உப்புச் சுரங்கத்தையும் ஒரே நாளில் காட்டும் பஸ் பயணம் இருக்கிறது. கட்டணம் மிச்சம். அம்மாவுக்கு 61 வயது, முழங்கால் வலி. எடுக்கலாமா?

ஆம்பூர்த் தோல்:
வேண்டாம் தம்பி. சுரங்கத்தில் முதல் இறக்கமே 380 படி. அதை விடுங்கள், என் காரணம் வேறு.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் 22 வருடமாகத் தையல் பிரிவைப் பார்க்கிறேன். வேலையாக ஐரோப்பா போனபோது நீங்கள் சொல்லும் அதே பயணத்தில்தான் போனேன். முகாமில் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள் என்று வழிகாட்டி ஹெட்போனில் சொன்னபோது தலையாட்டினேன். எண் மனதில் ஏறவில்லை. ஐந்தாம் பிளாக் கட்டடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் கூரைவரை அங்கே கொண்டுவரப்பட்டவர்களின் செருப்புகள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? எந்தத் தோல், என்ன தையல் என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். எண்ணெய் காணாத தோல் விறைத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. ஒரு பெண்ணின் செருப்பில் மட்டும் சிவப்பு மிச்சம். இன்னொன்றில் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. எங்கள் தெரு முனையில் செருப்புத் தைப்பவர் பார்த்தால், அந்த ஆள் எப்படிச் சாய்ந்து நடப்பார் என்று நடந்தே காட்டிவிடுவார். அதன் ஜோடியைத் தேடினேன். கிடைக்கவில்லை.

மாலையில் சுரங்கம். உப்பில் செதுக்கிய சிலைகளை எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் அவர்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாலாஜா டீச்சர்:
டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயர் இருக்கட்டும். என் ஏஜென்ட் அப்பா பெயரை வெறும் இனிஷியலாகப் போட்டுவிட்டார். வாசலில் 20 நிமிடம் விளக்கம் சொன்னேன். பெரிய பை கூடாது. கொல்லப்பட்டவர்களின் தலைமுடி வைத்திருக்கும் அறையில் படம் எடுக்காதீர்கள். 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும், முகாமின் இன்னொரு பகுதியான பிர்கெனாவ் பரந்த வெட்டவெளி, நடை அதிகம். அம்மாவுக்கு ஸ்வெட்டர் அவசியம்.

காட்பாடி மகன்:
சுரங்கத்தை விட்டுவிட்டேன். அண்ணா, உங்கள் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குழந்தைகள் செருப்பும் இருந்ததா என்று கேட்கிறார்.

ஆம்பூர்த் தோல்:
இருந்தது. அப்படி 8,000 செருப்புகளைப் பாதுகாக்கும் வேலையை 2023இல் தொடங்கினார்கள். புதிதாக்குவதில்லை, மேலும் கெடாமல் காப்பதோடு சரி. பிரிந்த தையலைக் கண்டால் என் கை ஊசியைத் தேடும். அந்த வேலை எனக்கு வராது.