கற்பூர மரத்தை வெட்டினால் ஊற்று திரும்புமா?

கோத்தகிரிக்காரன்:
எங்களுக்கு ஆறு ஏக்கர் பட்டா நிலம். நாலு ஏக்கர் தேயிலை, மேட்டில் இரண்டு ஏக்கர் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), ஓரமெல்லாம் சீகை (வாட்டில் மரம்). ஃபேக்டரிக்கு விறகு விற்கலாம் என்று தாத்தா வைத்தது. அதற்குக் கீழே பாறையடியில் ஒரு ஊற்று. கோடையிலும் அதில் துணி துவைப்போம் என்பார் அப்பா. இந்த ஏப்ரலில் குடத்தை வைத்துவிட்டுக் கைபேசியில் நேரம் பார்த்தேன். நிறைய பதினொரு நிமிடம் ஆனது. கற்பூர மரத்தை எடுத்துவிட்டு, இந்த மலைக்கே உரிய சோலைக் காட்டு மரங்களும் புல்லும் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். வீட்டில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள்.

மேட்டுப்பாளையத்தான்:
வீட்டில் சொல்வதுதான் சரி. தண்ணீருக்காக மரத்தை வெட்டுவதா? 2009 நவம்பர் மழையில் நீலகிரி சரிந்தது மறந்துவிட்டதா? நாற்பது பேருக்கு மேல் போனார்கள். சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது வேர்தான். உங்கள் மேட்டில் சரிந்தால் கீழே இருப்பவன் வீட்டில்தான் வந்து விழும்.

சோலைக்குருவி:
எந்த மரம் என்பதையும் பாருங்கள் அண்ணே. 1840களில் விறகுக்காக வந்த மரம் இது. ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டது. இன்னொன்றில் பாதிக்குச் சற்று மேல் கற்பூர மரம் நட்டது. முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடிவரும் நீர் சுமார் 16% குறைந்தது. வெட்டியபின் அடிக்கட்டை தழைத்து வந்த இரண்டாம் சுற்றில் சுமார் 25%. கோடையில் ஓடை வற்றாமல் பார்த்துக்கொள்ளும் நீரிலும் அடி விழுந்தது.

மேட்டுப்பாளையத்தான்:
தம்பி, நீங்கள் சொல்வதிலேயே ஓட்டை இருக்கிறது. அது புல்லையும் கற்பூர மரத்தையும் ஒப்பிட்ட ஆய்வு. இவர் வைக்கப்போவது சோலை மரம். அது மட்டும் தண்ணீர் குடிக்காதா? அதே ஆய்வில் கனமழைக்கு வரும் வெள்ளமும் மரம் வைத்த பக்கம் குறைந்தது, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மேட்டுப்பாளையத்தில் குன்னூர் ஆறு பொங்கி வருவதைப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சோலைக்குருவி:
நியாயமான கேள்வி. சோலையும் குடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் சோலை எப்போதும் பள்ளத்தில், ஓடையை ஒட்டித்தான் நிற்கும். மேடு முழுக்கப் புல். இவரும் ஊற்றைச் சுற்றி மட்டும் சோலை, மேலே புல் என்று வைத்தால் அந்த ஒப்பீடு பொருந்தும். இரண்டு ஏக்கரிலும் அடர்த்தியாக நாற்று நட்டால் அண்ணன் சொல்வதுதான் நடக்கும். கோத்தகிரியிலேயே லாங்வுட் சோலையைப் போய்ப் பாருங்கள். வெறும் 116 ஹெக்டேர், சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் அங்கிருந்துதான். 2024இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

இலைக்கணக்கு:
ரெண்டு பேரும் செலவைப் பற்றிப் பேசவே இல்லை. 1955ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த நிலமானாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. சரி, அனுமதி கிடைத்தது என்றே வைப்போம். கற்பூர மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளை கிளம்பும், வருடா வருடம் ஆள் விட்டு ஒடிக்க வேண்டும். சீகை இன்னும் மோசம். விதை மண்ணுக்குள் பல வருடம் கிடக்கும், வெயில் பட்டதும் கீரைப் பாத்தி மாதிரி முளைக்கும். பச்சை இலை விற்கிற விலையில் இதற்கு யார் கூலி கொடுப்பது? தண்ணீர் பவானிசாகர் அணைக்குப் போய், கீழ்பவானியில் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாயும். இவருக்கோ விறகு வருமானம் நின்றுபோகும்.

நியூயார்க் நகரம் 1997இல் ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன் குடிநீர் வரும் கேட்ஸ்கில் மலைகளில் பெரும்பகுதி தனியார் நிலம். வடிகட்டும் ஆலை கட்டுவதைவிட மலைக்காரர்களுக்குச் செலவு செய்வது மலிவு என்று நகரமே கணக்குப் போட்டது. காடு வைத்திருப்பவருக்கு எந்த மரத்தை எப்போது எடுப்பது என்று திட்டம் எழுதிக் கொடுக்கவே பணம் ஒதுக்குகிறார்கள். இங்கே அப்படி ஒரு பைசா வருமா?

மேட்டுப்பாளையத்தான்:
கீழே இருப்பவன் பணம் கொடுக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் யாரும் கொடுக்க மாட்டார்கள், அது வேறு கதை. ஆனால் என் பயம் போகவில்லை. அடிக்கட்டையைச் சாகடித்தால் வேர் மூன்று நான்கு வருடத்தில் மட்கிவிடும். புது வேர் அதற்குள் இறங்கியிருக்காது. அந்த இடைவெளியில் ஒரு பெருமழை வந்தால்?

சோலைக்குருவி:
அதனால்தான் ஒரேயடியாக மொட்டையடிக்கக் கூடாது. சீகை நிழலில் சோலை நாற்று நன்றாகவே வரும், பழனி மலையில் தானாகவே முளைத்திருக்கிறது. முதலில் நிழலில் நாற்று பிடிக்கட்டும், பிறகு மேலே உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். செங்குத்தான இடத்தைத் தொடவே வேண்டாம்.

கோத்தகிரிக்காரன்:
எல்லாவற்றையும் படித்தேன். மேட்டுப்பாளையத்து அண்ணன் சொன்ன அந்த மூன்று நான்கு வருடம்தான் மனதில் நிற்கிறது. ரோட்டுக்கு மேலே இருக்கும் சரிவை அப்படியே விட்டுவிடுகிறேன். ஊற்றைச் சுற்றி இருபது மரம் இருக்கும், அதற்கு மட்டும் அனுமதி கேட்டு மனு எழுதுகிறேன். நாவலும் காட்டுச் செண்பகமும் நாற்று யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வடகிழக்கு மழைக்கு முன்னால் சீகைக்கு அடியில் வைத்துவிடலாம். அடுத்த ஏப்ரலிலும் அதே குடத்தைத்தான் வைப்பேன். பதினொரு நிமிடம் பதினைந்தானாலும் இங்கே வந்து எழுதுகிறேன்.

இலைக்கணக்கு:
மனுவோடு நிலத்தின் வரைபடத்தையும் வையுங்கள். ஊற்று எங்கே, மரம் எங்கே என்று பேனாவால் குறித்தாலே போதும்.