லூபஸ்: பச்சைத் தேயிலை கப்சூல் எடுக்கலாமா?

கீரிமலைக்காற்று:
லூபஸ் எண்டால் உடம்பின்ர நோயெதிர்ப்பே தோல், சிறுநீரகம் எண்டு சொந்த உடம்பைத் தாக்கிற நோய். லூபஸ்காரருக்குப் பச்சைத் தேயிலை பிரயோசனமில்லை எண்டு வேப்பநிழல் எழுதியிருந்தா. நான் ஒத்துக்கொள்ளேல்லை. ஈரானில செய்து 2017இல வெளிவந்த ஆய்வில நோயாளர் 68 பேர். ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 1000 மி.கி. தேயிலைச் சாறு, மற்றவைக்கு மருந்தில்லாத கப்சூல், 12 கிழமை. சாறு எடுத்தவையின்ர நோய்த் தீவிரப் புள்ளி குறைஞ்சது. அதில இருக்கிற ஈஜிசிஜி எண்ட தேயிலைச் சத்து எலிகளின்ர சிறுநீரக அழற்சியையும் குறைச்சிருக்கு. நுவரெலியாவில விளையிற சாமான், ஏன் தள்ளிவைக்கிறியள்?

வேப்பநிழல்:
சிறுநீரகம் தப்பிச்சுதா எண்டு சொல்ல மூண்டு மாசம் காணாது. கப்சூலையும் தேத்தண்ணியையும் ஒண்டாக்காதேங்கோ. ஒரு கோப்பையில ஈஜிசிஜி ஏறக்குறைய 50–100 மி.கி. தான். கப்சூலில அது நாளுக்கு 800 மி.கி. எட்டினால் இரத்தத்தில ஈரல் நொதி (ஈரல் பாதிக்கப்படுறதின்ர அறிகுறி) ஏறலாம் எண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல சொல்லியிருக்கு. வெறுவயித்தில எடுத்தால் உடம்பில இன்னும் கூடச் சேரும். லூபஸுக்கு நோயெதிர்ப்பை அடக்கிற மெதொட்ரெக்சேட், அசதயோப்ரின் எடுக்கிறவை கனபேர். அதுகளும் ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகள். நொதி ஏறினால் எதால ஏறினது எண்டு தெரியாமல், சிறுநீரகத்தைக் காக்கிற மருந்தையே நிப்பாட்ட வேண்டிவரும். என்ர பயம் அதுதான்.

கீரிமலைக்காற்று:
கப்சூலை விடுவம். கோப்பையாய்க் குடிக்கிறதில என்ன பிழை? இஞ்ச யாழ்ப்பாணத்தில நோயைக் கிளப்பிறது சுண்ணாம்புக்கல் கிடங்குத் தூசி. அதுக்கு எதிராய் ஏதாவது வேணுமே.

கல்லுண்டாய்வெளி:
சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. லூபஸோட தொடர்பு காட்டியிருக்கிறது பளிங்குச் சிலிக்கா. அது கருங்கல், மணல், கொங்கிரீட், ரைல்ஸ் வெட்டுற தூசியில இருக்கு. தண்ணி விட்டு வெட்டினால் தூசி குறையும். மூக்கில லேஞ்சி கட்டிறது காணாது, என்95 முகக்கவசம் வேணும். புகைத்தலும் ஒரு தூண்டல். தோல் லூபஸில, அதுக்குக் குடுக்கிற ஹைட்ரொக்சிக்குளோரோகுயின் மருந்தின்ர பலனையும் அது குறைக்குது.

ஆனால் யாழ்ப்பாணத்தில முதல் பார்க்க வேண்டியது வெயில். காலமை 10 தொடக்கம் பின்னேரம் 4 வரை நிழல். வான் வண்டிக் கண்ணாடி வெயிலில இருக்கிற யூவிஏ எண்ட புற ஊதாக் கதிரை முழுக்க மறிக்காது, அதால யன்னல் சீற்றில இருந்தாலும் முழுக்கை போடுங்கோ. துணியை பல்ப்புக்கு நேரே பிடியுங்கோ: வெளிச்சம் புள்ளி புள்ளியாய்த் தெரிஞ்சால் கதிரும் போகும். மெல்லிய வொயில் சேலைத் தலைப்பு அப்பிடித்தான். குடை பிடிச்சாலும் வெள்ளை மணல் கதிரைக் கீழயிருந்து திருப்பி அடிக்கும். வெயில் தடுக்கிற எஸ்பிஎஃப் 50 கிறீமை முகம், கழுத்து, காது எண்டு தாராளமாய்ப் பூசி, 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பப் பூச வேணும்.

வேப்பநிழல்:
தேத்தண்ணிக்கு நான் எதிரில்லை. கொதிச்ச தண்ணியை ஐஞ்சு நிமிசம் ஆறவிட்டு, 200 மி.லீ.க்கு 2 கிராம் இலை, 3 நிமிசத்தில வடிக்க வேணும். கேத்திலோட கொதிக்கவிட்டால் கைக்கும். சாப்பாட்டோட குடியாதேங்கோ, இரும்புச்சத்தைப் பிடிச்சு வைச்சிடும். லூபஸில இரத்தச்சோகை வேற கனபேருக்கு. இரும்புக் குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் 2 மணித்தியாலம் இடைவெளி.

கீரிமலைக்காற்று:
இடைவெளி சரி. ஆனால் 68 பேரில கண்டதை 600 பேரில, ஈரல் நொதியை மாசாமாசம் பார்த்து, ஒரு வருசம் செய்யவேணும் எண்டதை நான் விடமாட்டன்.

வேப்பநிழல்:
அப்பிடிச் செய்தால் நானும் ஆதரவு. அதுவரைக்கும் கடையில வாங்கின கப்சூல் போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டாமல் ஒருத்தரும் தொடங்க வேண்டாம்.