சனிக்கிழமை மூன்றரை மணி திருமணப் பூசை: ஞாயிறு கடன் தீருமா, தீராதா?

கோயில்பிள்ளை:
ஞாயிறுதோறும் பூசையில், அதாவது திருப்பலியில், பங்கேற்க வேண்டிய கத்தோலிக்கர் கடமையான ஞாயிறு கடனைப் பற்றிப் பக்கத்து இழையில் ஒருவர் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எந்தப் பூசை கண்டாலும் ஞாயிறு கடன் தீர்ந்தது. மூன்றரை மணி கலியாணப் பூசையும் சேர்த்தி. ஞாயிறு காலை நிம்மதியாகத் தூங்கலாம்." கீழே வரிசையாக ஆமென். படித்ததும் வயிறு எரிந்தது, அதனால்தான் இந்த இழை.

சனி மாலைத் திருப்பலி ஞாயிறுத் திருப்பலி. சாக்ரிஸ்டியில் (கோயிலில் பூசைக்கு ஆயத்தம் செய்யும் அறையில்) வேலை செய்கிறவர்களுக்கு அது கையிலேயே தெரியும். காலைப் பூசைக்கு வாரநாள் வாசக நூல், மாலைக்கு ஞாயிறு வாசக நூல். 2026இல் ஞாயிறு வாசகச் சுழற்சியின் முதல் ஆண்டு, வாரநாள் வாசகச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டு. அவசரத்தில் நூலின் அடையாள நாடாவை மாற்றாமல் விட்டால், வாசிப்பவர் காலையில் வாசித்ததையே மாலையிலும் வாசித்துவிட்டு "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்லி இறங்கிவிடுவார். குருவின் உடையின் நிறம் மாறலாம், வானவர் கீதம் வரும், விசுவாசப் பிரமாணம் வரும், மறையுரை கட்டாயம். திருவருகைக்கால (கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் காலத்தின்) முதல் ஞாயிறுக்கு முந்தின சனி என்றால் காலையில் பச்சை, மாலையில் ஊதா, வளையத்தில் முதல் மெழுகுதிரி, வானவர் கீதம் கிடையாது. இவ்வளவும் மாறுவது ஞாயிறு தொடங்கிவிட்டது என்பதால்தான். மூன்றரை மணி கலியாணத்தில் ஞாயிறு வாசகமாவது விசுவாசப் பிரமாணமாவது இருக்கிறதா?

எண்1248:
அந்த "மதியத்துக்கு மேல்" கணக்கு என்னுடையதல்ல, அதை நானும் ஏற்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்கிற காரணமும் தவறு. திருச்சபைச் சட்டம் எண் 1248, முதல் பத்தி: கத்தோலிக்க வழிபாட்டு முறை எதிலாவது, எங்காவது, கடன் நாளன்றோ அதற்கு முந்தின நாள் மாலையிலோ நிறைவேற்றப்படும் திருப்பலியில் பங்கேற்பவர் கடனை நிறைவேற்றுகிறார். எந்த வாசகம், எந்த நிறம் என்று ஒரு சொல்லும் இல்லை. நேரம் மட்டும்தான் கேள்வி. நேரம் நாலு மணி. நாலுக்குத் தொடங்கும் கலியாணப் பூசை செல்லும், மூன்றரைக்குத் தொடங்குவது செல்லாது.

வழிபாட்டுப் பித்தன்:
நாலு மணி எங்கிருந்து வந்தது? எண் 1248இல் எனக்குத் தெரிந்து எந்தக் கடிகாரமும் மாட்டப்படவில்லை.

எண்1248:
திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1953 ஜனவரி 6இல் மாலைத் திருப்பலிக்கு அனுமதி கொடுத்தபோது, மாலை 4 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று எழுதினார். அதுவரை நண்பகல் தாண்டிப் பூசை வைப்பதே அரிது. திருச்சபை "மாலைத் திருப்பலி" என்று சொன்னபோதே மணியையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. நாலு மணி.

கோயில்பிள்ளை:
1953ஐ எடுத்தவர் 1967ஐ ஏன் விட்டார்? அந்த ஆண்டு மே 25இல் வந்த நற்கருணை பற்றிய அறிவுரை, எண் 28: சனி மாலையில் ஞாயிறு கடனைத் தீர்க்க அனுமதி உள்ள இடங்களில், நாள்காட்டியில் ஞாயிறுக்குக் குறித்த திருப்பலியையே நிறைவேற்ற வேண்டும், மறையுரையையும் விசுவாசிகள் மன்றாட்டையும் விடக் கூடாது. அச்சில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

எண்1248:
1983 நவம்பர் 27 முதல் புதிய சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. எண் 6 பாருங்கள். ஒரு பொருளை இந்தத் தொகுப்பு முழுதாக மறுபடி ஒழுங்குபடுத்தியிருந்தால் அதைப் பற்றிய பழைய ஒழுங்குச் சட்டங்கள் நீங்கும். 1967இல் வைத்த நிபந்தனையை 1248 எடுத்துக்கொள்ளவில்லை. அதோடு, அந்த நிபந்தனை பீடத்தில் நிற்கும் குருவுக்கு. இருக்கையில் இருப்பவர் தலையில் அதை ஏற்றாதீர்கள்.

மெழுகுதிரி:
ஒரு நிமிடம், அண்ணா. எண் 6 வந்து 1967ஐத் தள்ளிவிட்டது என்றால், 1953ஐ மட்டும் எப்படி விட்டுவைத்தது?

வழிபாட்டுப் பித்தன்:
அப்படிப் போடுங்கள், அக்கா! வக்கீல் ஐயா தனக்கு வேண்டிய காகிதத்தை மட்டும் கோப்பில் வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போடுகிறார். தவக்காலத்தில் கீபோர்டு வாசிக்கலாமா என்ற பழைய இழையிலும் இதே வேலைதான் பார்த்தார்.

எண்1248:
கீபோர்டை இங்கே இழுக்க வேண்டாம். மெழுகுதிரிக்குப் பதில் சொல்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. 1967இல் இருந்தது நிபந்தனை, நிபந்தனையைச் சட்டம் விட்டுவிட்டது. 1953இல் இருப்பது சொல்லின் பொருள். "மாலை" என்ற சொல்லை 1248 வைத்திருக்கிறது. பொருள் ஐயமாக இருந்தால் இணையான இடங்களையும் சட்டம் தந்தவரின் கருத்தையும் பார் என்கிறது எண் 17. பழைய சட்டத்தை அப்படியே சொல்லும் இடத்தில் திருச்சபைச் சட்ட மரபின் வெளிச்சத்தில் படி என்கிறது எண் 6இன் இரண்டாம் பத்தி. மரபில் மாலை என்றால் நாலு மணி.

வழிபாட்டுப் பித்தன்:
சொல்லின் பொருளுக்குத்தான் திருத்தந்தை 2ஆம் அருள் சின்னப்பர் இருக்கிறாரே. 1998 மே 31 தேதியிட்ட ஞாயிறு பற்றிய திருத்தூதுக் கடிதம், எண் 49: கடனுக்கான நேரம் சனி மாலையில், ஞாயிறின் முதல் மாலைப்புகழ் (முந்தின நாள் மாலையில் சொல்லும் திருச்சபைச் செபம்) வேளையில் தொடங்குகிறது. மணி அல்ல, வேளை. வழிபாட்டு ஆண்டின் பொது விதிமுறைகள் எண் 3உம் இதைத்தான் சொல்கிறது: வழிபாட்டு நாள் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, ஞாயிறும் பெருவிழாவும் மட்டும் முந்தின நாள் மாலையிலேயே தொடங்கும்.

எண்1248:
சரி, முதல் மாலைப்புகழ் எத்தனை மணிக்கு? சொல்லுங்கள். சொல்ல முடியாது. ஐந்துக்குச் சொல்லும் மடமும் உண்டு, ஆறுக்குச் சொல்லும் மடமும் உண்டு. அதனால்தான் நாலு மணி என்கிறேன், அதற்குக் கீழே இறங்க முடியாத கோடு அது.

கோயில்பிள்ளை:
மூன்றரைக்குத் தொடங்கினால் நாலுக்குள் காணிக்கைப் பாடல்கூட வராது. மறையுரை, வாக்குறுதி, மோதிரம், மன்றாட்டு எல்லாம் முடிந்து தூயவர் பாடல் பாடும்போது நாலேகால். எழுந்தேற்றம், அதாவது குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டுவது, நாலு இருபத்தைந்துக்கு. உங்கள் நாலு மணிக் கணக்கில் அது செல்லுமா, செல்லாதா?

எண்1248:
தொடங்கும் நேரம்தான் கணக்கு. 1953 ஏட்டில் இருக்கும் சொல் "தொடங்குதல்". எழுந்தேற்றத்தை வைத்து அளக்க ஆரம்பித்தால், பாதிப் பூசைக்கு வந்தவருக்கும் கடன் தீர்ந்தது என்றாகும்.

பாடற்குழு மூலை:
அதுதானே ஊர் உலகத்தில் நடக்கிறது? நற்செய்திக்கு முன் வந்தால் போதும், காணிக்கைக்கு முன் வந்தால் போதும் என்று ஆளுக்கொரு கோடு வைத்திருக்கிறார்கள்.

வழிபாட்டுப் பித்தன்:
பழைய ஒழுக்க நூல்கள் போட்ட கோடு அது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு (1963), எண் 56: இறைவார்த்தை வழிபாடும் நற்கருணை வழிபாடும் பிரிக்க முடியாதபடி இணைந்து ஒரே வழிபாட்டுச் செயலாகின்றன. வாசகம் முடியும்வரை வாசலில் பேசிக்கொண்டு நிற்பது பங்கேற்பு ஆகாது. அப்புறம் கோயில்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. "பூசை கண்டாலும்" என்று அவர் எழுதியதை மேற்கோள் காட்டினீர்கள், அடுத்த பத்தியில் நீங்களே "காலைப் பூசை" என்கிறீர்கள். திருப்பலி என்று எழுதப் பழகலாமே.

கோயில்பிள்ளை:
பூசை என்று சொல்லியே தலைமுறை தலைமுறையாக விசுவாசத்தைக் காத்தவர்கள் எங்கள் பாட்டிமார். அந்தச் சொல்லைத் திருத்த வராதீர்கள்.

வழிபாட்டுப் பித்தன்:
சொல்லைத் திருத்தவில்லை. "கண்டாலும்" என்பதைத்தான் சொல்கிறேன். கண்டுவிட்டுப் போவதற்கு அது வாணவேடிக்கை இல்லை.

பாடற்குழு மூலை:
பங்கேற்பு பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் கலியாணப் பூசையில் பதிலுரைப் பாடலுக்கு (முதல் வாசகத்துக்குப் பின் வரும் திருப்பாடலுக்கு) என்ன நடக்கிறது என்று பார்த்ததுண்டா? மணமக்கள் கேட்டார்கள் என்று திருப்பாடலைத் தூக்கிவிட்டு ஒரு பக்திப் பாட்டு. உரோமைத் திருப்பலி நூலின் பொது அறிமுகம் எண் 61 அதை நேரடியாகத் தடுக்கிறது: பதிலுரைப் பாடலுக்குப் பதிலாக வேறு பாடலோ கீர்த்தனையோ பாடக் கூடாது. பாடத் தெரியவில்லை என்றால் வாசித்துவிட்டுப் போகலாம், பதில் வரி ஒன்றை மக்களுக்குக் கொடுத்தால் போதும்.

மெழுகுதிரி:
பாடற்குழுக்காரரே, தவக்காலத்தில் பாடலுக்கு முன்னும் பின்னும் கீபோர்டைத் தனியாக வாசிக்கலாம் என்று வாதாடியவர் நீங்கள்தானே? அதே அறிமுகம் எண் 313, தவக்காலத்தில் இசைக்கருவி பாட்டைத் தாங்கிப் பிடிக்க மட்டும் என்கிறது. 61 பிடிக்கிறது, 313 பிடிக்கவில்லையா?

பாடற்குழு மூலை:
நான்காம் ஞாயிறுக்கும் பெருவிழாக்களுக்கும் விழாக்களுக்கும் விலக்கு இருக்கிறது என்றுதான் சொன்னேன். நான் சொல்லாததை என் வாயில் திணிக்க வேண்டாம்.

எண்1248:
எல்லோரும் கேள்வியை விட்டு ஓடுகிறீர்கள். வாசகமும் கடனும் வேறு என்பதற்கு நாள்காட்டியிலேயே ஆதாரம் இருக்கிறது. 2027இல் கிறிஸ்து பிறப்பு விழா சனிக்கிழமை. மறுநாள் திருக்குடும்ப ஞாயிறு. அந்தச் சனி மாலை எது முந்தும்? வழிபாட்டு நாள்களின் படிநிலைப் பட்டியலில் கிறிஸ்து பிறப்பு உயர்ந்தது, மாலைப்புகழில் அதுதான் நிற்கும். மாலைத் திருப்பலியிலும் கிறிஸ்து பிறப்பு வாசகமே ஒலித்தால், அதற்கு வருகிறவருக்கு ஞாயிறு கடன் தீரவில்லை என்பீர்களா? 1248 தீரும் என்கிறது.

கோயில்பிள்ளை:
அப்படியானால் அந்த ஒரே பூசையில் விழாக் கடனும் ஞாயிறு கடனும் இரண்டும் தீர்ந்ததா?

எண்1248:
இல்லை. இரண்டு கடன், இரண்டு திருப்பலி. 2023இல் டிசம்பர் 24 ஞாயிறாக வந்தபோதும் இதே குழப்பம்தான். ஞாயிறு மாலைத் திருப்பலி ஒன்றை வைத்து இரண்டையும் கழிக்க முடியாது. 2028இல் மறுபடி வருகிறது, இப்போதே குறித்துவையுங்கள்.

மெழுகுதிரி:
அண்ணா, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின சனி மாலை நாலு மணிக்குப் பாஸ்கா திருவிழிப்பை வைத்தால் உங்கள் கோடு என்ன சொல்லும்? 1988 ஜனவரி 16 சுற்றுமடல் எண் 78, திருவிழிப்பு முழுவதும் இரவில் நடக்க வேண்டும், இருட்டுமுன் தொடங்கக் கூடாது, ஞாயிறு விடியுமுன் முடிய வேண்டும் என்கிறது. வழக்கமான சனி மாலைத் திருப்பலி நேரத்துக்கு அதை வைப்பதைக் கண்டிக்கவும் செய்கிறது. அன்று மட்டும் நாலு மணி எங்கே போயிற்று?

எண்1248:
அது அந்த ஒரு இரவுக்கான தனி விதி. புதுத்தீ இருட்டில்தான் தீயாகத் தெரியும், வெயிலில் பாஸ்கா திரியை ஏந்திப் போவதில் பொருளே இல்லை. தனி விதி இருப்பதே மற்ற சனிக்கிழமைகளில் பொது விதி வேறு என்பதற்குச் சான்று. நாலு மணி.

வழிபாட்டுப் பித்தன்:
பொது விதி என்று ஒரு மணியைக் காட்டுங்கள் என்றுதான் முதலிலிருந்து கேட்கிறேன். 1967 ஏடு நேரத்தைத் தலத்திருச்சபை ஆயரிடம் விட்டது. ஆயர் ஐந்தரை என்று சொன்ன மறைமாவட்டத்தில் உங்கள் நாலு மணிக்கு என்ன மரியாதை?

எண்1248:
இப்போது மட்டும் 1967 ஏடு உயிரோடு வந்துவிட்டதா? ஆயர் சொல்வது பங்கில் மாலைத் திருப்பலி எப்போது வைக்கலாம் என்பது. கடன் எப்போது தீரும் என்பது பொதுச் சட்டம்.

கோயில்பிள்ளை:
கலியாணப் பூசை நாலரைக்கே இருக்கட்டும். திருவருகைக்கால, தவக்கால, பாஸ்கா கால ஞாயிறுக்கு முந்தின மாலை என்றால் திருமணத் திருப்பலிப் பாடத்தையே எடுக்க முடியாது. ஞாயிறுப் பாடம்தான், திருமணச் சடங்கும் மணமக்கள் ஆசியும் அதற்குள் வரும். பல இடங்களில் இது தெரியாமல் அழைப்பிதழோடு வாசகத்தையும் அச்சடித்து எடுத்து வந்துவிடுகிறார்கள். கடைசி நிமிடத்தில் சாக்ரிஸ்டியில் சண்டை. ஞாயிறு ஞாயிறாக இருக்க வேண்டும் என்று திருச்சபையே பிடிவாதம் பிடிக்கும்போது, வாசகம் எதுவானாலும் சரி என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

எண்1248:
மனம் வரும் வராது என்பது வேறு. வேலைக்குப் போகிறவர், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர், ஞாயிறு முழுக்கப் பயணத்தில் இருப்பவர், இவர்களுக்காகத்தான் சட்டம் கதவை அகலத் திறந்து வைத்தது. அதில் நீங்கள் தாழ்ப்பாள் போடப் பார்க்கிறீர்கள்.

வழிபாட்டுப் பித்தன்:
முதல் தாழ்ப்பாள் போட்டது யார்? நாலு மணி என்று.

பாடற்குழு மூலை:
ஐயா, எண் 61 பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கலியாணத்திலும் திருப்பாடலைத் தூக்கத்தான் போகிறார்கள்.

மெழுகுதிரி:
கேள்வி மூன்றரை மணியைப் பற்றி. மூன்று ஐம்பத்தைந்துக்குத் தொடங்கினால்?

எண்1248:
செல்லாது. நாலு மணி.

கோயில்பிள்ளை:
நாலுக்குத் தொடங்கினாலும் ஞாயிறுப் பூசையாக இல்லை என்றால் நான் ஏற்க மாட்டேன். 1967, எண் 28. மறுபடி படியுங்கள்.

எண்1248:
1983, எண் 6. நீங்கள் மறுபடி படியுங்கள்.